ஜீப் வெளிச்சமும் உங்கப்பா கண்ணும்

மல்லசமுத்திரம்,
தை மாதம் 24.

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. உங்கப்பாவும் நானும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜீவானந்தமும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். ஸ்வீடனில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வேலை முடிந்து வரும்போது கூட யாராவது வருகிறார்களா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? நம்மூர் நல்லெண்ணெய் அனுப்பினால் வழியில் கொட்டிப் போகும் என்று மாப்பிள்ளை சொன்னார், பரவாயில்லை, அங்கே கிடைக்கிற எண்ணெய் எதையாவது வை. மண்டை காய்ந்தால் கோபம்தான் வரும், உனக்கு அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

தினமும்தான் வீடியோவில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் உங்கப்பா என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் புண்ணாக்கு விலையையும் மழை பெய்யாததையும் சொல்லி முடித்துவிடுகிறார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்றால் அந்த நேரம் நீ ஆபீசில் இருக்கிறாய். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதையும் நீ நடுவில் மறித்துக் கேள்வி கேட்காமல் முழுசாகக் கேட்க வேண்டும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். செவலை மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது, தாயும் கன்றும் நன்றாக இருக்கின்றன. மரவள்ளி வெட்டி மில்லுக்கு அனுப்பியாகிவிட்டது. மேற்கால காட்டுப் பூவாத்தாள் உன்னை விசாரித்தாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அஸ்தம்பட்டியில் வாங்கிப் போட்டிருக்கிற வீட்டுக்கு நாங்கள் தை முடிவதற்குள் குடி வருவதாகப் பேச்சு. உங்கப்பா போனில் அதற்குச் சம்மதம் சொன்ன அன்று நீ அழுதுவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கும் அன்று அழுகைதான் வந்தது, ஆனால் உன்னைப் போலச் சந்தோஷத்தில் இல்லை. வீட்டுச் சாவியை நீ எங்களிடம் கொடுத்த நாளிலிருந்து, அஸ்தம்பட்டி என்ற பேரை எடுத்தாலே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறேன் என்று எழுந்து போகிறவர் அவர். அன்று நீ கேட்டு வாய் மூடுவதற்குள் "செரி சாமி, போலாம்" என்றார். ஒரு கேள்வி இல்லை, ஒரு சாக்குப்போக்கு இல்லை. சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற உங்கப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. காரணம் என்ன என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காரணம் நம் ஜீப்பின் முன்லைட்டில் இருந்தது.

ஐப்பசி மழையில் ஜீப்புக்கு ஒரு பக்க லைட் எரியாமல் போனது. மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. போர்வெல் போடுகிற நம் ரிக் லாரியை விற்றபோது மிச்சமான சாமான்களைப் பெட்டி பெட்டியாக மோட்டார் ரூமில் அடுக்கி வைத்திருக்கிறாரே, அதிலிருந்து இரண்டு புதுப் பல்பை எடுத்து ஒரு மத்தியானத்தில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு கார்த்திகையில் ஒரு சாயங்காலம், தூறல் போட்டுக்கொண்டிருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு நம் இட்டேரியில் திரும்பி வருகிறார். ரெண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம்தான் என்பது உனக்குத் தெரியும். எதிரில் பூவாத்தாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இவர் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லை. அவள் போட்ட சத்தத்தில் வண்டியை ஒடித்துக் கிளுவை வேலிக்குள் விட்டுவிட்டார். ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, ஆளுக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தவர் முகம் கழுவி, சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் பூவாத்தாள்தான் வந்து, "அக்கா, மாமனுக்குக் கண்ணு தெரியறதில்லீங்களா? என்னையப் பாத்தாப்பலயே இல்லீங்க" என்றாள். அதை நான் உன்னிடம் சொல்ல, நீ பதறிப் போய் அவரிடம் பேச, அவர் செரி சாமி என்று சொன்னதெல்லாம் அந்த வாரத்தில்தான்.

உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரையில் கண் போனது உனக்கு நினைவிருக்கும். ஆரம்பத்தில் அவர் சொன்னது, லைட்டெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது, எதைப் பார்த்தாலும் மங்கலாக இருக்கிறது என்றுதான். உங்கப்பாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். "சேலத்துக்குத்தான குடி போறம், அங்க போயி நெதானமாப் பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்தார். போகாததற்குக் காரணம் பயம், வேறு ஒன்றும் இல்லை.

ஜீப்பை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் பார்க்கிற சிவக்குமார் என்று ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமையானால் சேக்காளிகளோடு பழைய ஜீப்புகளை எடுத்துக்கொண்டு காட்டுத் தடத்தில் ஏறி இறங்குவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்காம். நம் ஜீப்பைப் பற்றி யாரோ சொல்லி, போனில் கேட்டுக்கொண்டே இருந்தான், பொங்கல் கழித்து வா என்று சொல்லிவிட்டார். கொடுப்பதற்கு முன்னால் லைட்டைச் சரிசெய்துதான் கொடுக்க வேண்டும், குறையை வைத்துக்கொண்டு ஒருத்தர் தலையில் கட்டக் கூடாது என்று மார்கழியில் ஒயரிங் வேலையை ஆரம்பித்தார். வேறு ஆளைக் கூப்பிடவில்லை, அவரே. நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றதில் எனக்கும் பாதி மெக்கானிக் வேலை தெரிந்துவிட்டது, கேட்டுக்கொள். பேட்டரியில் கிளம்புகிற கரண்ட் உள்ளே ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து காலில் மிதிக்கிற டிம் ஸ்விட்சுக்குப் போய், அதற்கப்புறம்தான் முன்னால் லைட்டுக்கு வருமாம். ஒயரும் மெல்லிசு, இணைப்பு இருக்கிற இடமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. நம் மண் வாய்க்காலில் கிணற்றுத் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி உறிஞ்சிப் போய்விடுமே, அந்தக் கதைதான். அதற்குத்தான் ரிலே என்று தீப்பெட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. அதை லைட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டால், பழைய ஸ்விட்ச் உத்தரவு போடுவதோடு சரி, பாரத்தைப் புது ஒயர் சுமந்துகொள்ளும். நடுவில் ஃபியூஸ் வைத்தார், எர்த் பிடிக்கிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டித் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தார், ஒயர் எங்கேயும் உரசாமல் குழாய்க்குள் விட்டுக் கட்டினார். அத்தனை பொறுமையாக அவர் நம் வீட்டுக்கு ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. சமையல்கட்டு ஸ்விட்ச் இன்னமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

வேலை முடிந்த அன்று சாயங்காலம், மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி லைட்டைப் போட்டார். பூவாத்தாள் வீட்டுக்காரர் கருப்பண்ணன் சும்மா பார்க்க வந்து நின்றிருந்தார். உங்கப்பா சுவரையே பார்த்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒருத்தர் உடம்பு வருந்திச் செய்த வேலையை அவர் முகத்துக்கு நேராக யாரும் நொட்டை சொல்ல மாட்டோம். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் பேசுவோம். கருப்பண்ணன், "பட்டப்பகலாட்ட இருக்குதுங்ணா!" என்றார். நானும் ஆமாங்க, நன்றாக எரிகிறது என்றேன். எனக்கு அது மஞ்சளாக, அகல்விளக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் வண்டி யார் கைக்கோ போகிறது, இந்த மனுசன் பாடுபட்டிருக்கிறார், எதற்கு மனசை நோகடிக்க என்று நினைத்தேன். உங்கப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். லைட்டை அணைத்தார். "அப்பச் செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் நல்லது என்று நினைத்துச் சொன்ன சொல், அவருக்குக் கண் போனது உறுதி என்று தீர்ப்பு எழுதிவிட்டது தனம். எல்லாருக்கும் பகலாகத் தெரிகிற வெளிச்சம் தனக்கு மட்டும் மங்கல் என்றால் வேறு என்ன நினைப்பார்?

அதற்கப்புறம் அவர் நடவடிக்கையே மாறிப்போனது. சும்மா உட்கார்ந்திருப்பார். பகலில் மாட்டுக் கொட்டகைக்குள் போய் நிற்பார். ஒரு நாள் பருத்திக்கொட்டை எடுக்கப் போனவள் பார்க்கிறேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவி, செவலை மாட்டின் கயிற்றை முளைக்குச்சியில் கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டிவிட்டு, அவிழ்த்து, மறுபடியும் கட்டுகிறார். விரதம் கிரதம் ஏதாவது எடுத்திருக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. கண்ணில்லாமல் வாழ அந்த மனுசன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் பருத்திக்கொட்டையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கல் கழிந்து சிவக்குமார் வந்தான். வரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. நல்ல பையன், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்தான், பானெட்டைத் திறந்து ரிலே கட்டியிருந்த அழகைப் பார்த்து, இதைச் செய்தது யார் என்று கேட்டு ஆச்சரியப்பட்டான். அப்புறம் லைட்டைப் போட்டான். போட்டவன் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னங்க அங்கிள், இத்தனை வேலை செஞ்சும் லைட்டு இவ்ளோ மங்கலா எரியுதுங்களே" என்றான். வெளியூர்ப் பையன், வண்டி வாங்க வந்தவன், நம் மனசைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. உங்கப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் மங்கலாத்தான் தெரியுதா கண்ணு?" என்றார். ஆமாங்க என்றான். "நெசமா மஞ்சளா இருக்குதா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். பையன் பயந்து போய் என்னைப் பார்த்தான். நான் அப்போதுதான் வாயைத் திறந்து, அன்றைக்கே எனக்கும் மங்கலாகத்தான் இருந்தது என்று சொன்னேன். "அப்பறம் ஏம்புள்ள நல்லா எரியுதுன்ன!" என்று என்னைப் பார்த்து ஒரு கத்து கத்தினார் பார், கொட்டகையில் மாடு மிரண்டு எழுந்துவிட்டது. ஒரு மாசம் கழித்து அவர் என்னைத் திட்டியது அன்றுதான், எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஒயரிங் சரி, பேட்டரி சரி, கண்ணும் சரி, அப்படியானால் மிச்சம் பல்புதான் என்று விறுவிறுவென்று போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். அடியில் பொடி எழுத்தில் என்னமோ இருக்கிறது, படி என்று என் கையில் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன், 24 வோல்ட் என்று இருந்தது. ஜீப்புக்கு வேண்டியது 12. அது ரிக் லாரிக்கு வாங்கி வைத்த பல்பு, மாட்டுகிற இடம் இரண்டுக்கும் ஒன்று போலவே இருப்பதால் ஜீப்பில் சிக்கென்று உட்கார்ந்துவிட்டது. பாதிக் கரண்டில் மினுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. ஆயுசு முழுக்க லாரி சாமானோடு புழங்கியவருக்கு வோல்ட் பார்த்து வாங்கிய பழக்கமே கிடையாது, வீட்டில் இருந்தது எல்லாம் 24 தானே. புதுப் பல்பு, நம் கையால் பெட்டி பிரித்துப் போட்டது, அதில் என்ன கோளாறு இருக்கும் என்று அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறார், தன் கண் உட்பட. அந்தப் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்து சிரித்தார், சிரிப்பு முடியும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சிவக்குமார் தன் வண்டியில் ஸ்பேர் வைத்திருந்த 12 வோல்ட் பல்பு ஜோடியை எடுத்துக் கொடுத்தான். மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். தென்னை வரிசையைத் தாண்டி, மரவள்ளிக் காட்டைத் தாண்டி, கருப்பண்ணன் வீட்டுச் சுவர் வரைக்கும் வெளிச்சம் போய் விழுந்தது. ஜீப் புதுசில்கூட அப்படி எரிந்ததில்லை, ஒயரிங் வேலை வீண் போகவில்லை பார். சிவக்குமார், வெள்ளையாக எரிகிற எல்.இ.டி. போட்டால் இன்னும் தூக்கும் என்றான். இந்தப் பழைய லைட் கூட்டுக்குள் அதைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரில் வருகிறவன் கண்ணில்தான் அடிக்கும், இட்டேரியில் ஆடு மாடோடு ஆட்கள் நடக்கிறார்கள், இது போதும் என்று உங்கப்பா சொல்லிவிட்டார். அப்புறம் வண்டியைத் தொட்டுக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். அந்தப் பையனே புரிந்துகொண்டு, "நீங்க குடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சுங்க அங்கிள்" என்றான். அவனுக்கு அரிசிம்பருப்பு சாதம் போட்டு, நெய் ஊற்றி, தேங்காய் ஒரு பை கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுவாரம் நான் கூப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சேலத்தில் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே எல்லாம் பார்த்தார். புரை இப்போதுதான் லேசாகத் தொடங்கியிருக்கிறது, சர்க்கரையால் உள்ளே கெடுதல் இல்லை, கண்ணாடியை மாற்றுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்றார். இனி ஒருபோதும் கண்ணுக்குக் கெடுதல் வராது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உங்கப்பாவிடம் கேட்டேன், ஏனுங்க, கண்ணுக்குப் பயந்தது சரி, வீட்டை விட்டுப் போக எதற்கு அவ்வளவு அவசரமாகச் சரி சொன்னீர்கள், நான் இல்லையா என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உனக்காவத்தான் புள்ள. கண்ணு போச்சுன்னா இந்தக் காட்டுல நீ என்னையப் பாப்பியா, மாட்டப் பாப்பியா? டவுன்லன்னா கூப்ட்ட ஒடன ஆட்டோ வரும். உன்னையத் தவிக்க உடக்கூடாதுன்னுதான் செரின்னேன்" என்றார்.

தனம், எனக்கு அழுகை வர வேண்டிய இடம் அது. வந்தது கோபம். பஸ் என்றும் பார்க்காமல், "நீங்க ரிக்கு வண்டியோட மத்தியப் பிரதேசத்துல கெடந்தப்ப இந்தக் காட்ட எவ பாத்தாளாமா? மோட்டார் எடுத்து உட்டது யாரு, மாட்டுக்குப் பிரசவம் பாத்தது யாரு, கொழந்தைக்குக் காச்சல்னு தோள்ல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் நடந்தது யாரு? எனக்குத் தெரியாதது வண்டி ஓட்டறது ஒண்ணுதானுங்க. அதையுஞ் சொல்லிக் குடுத்துட்டு அப்பறம் என்னைய நெனச்சுக் கவலப்படுங்க" என்று கேட்டுவிட்டேன். முன் சீட்டுப் பெண்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஊர் வந்து பஸ் நின்றதும் உங்கப்பா எனக்கு முன்னால் இறங்கி வேகமாக வீட்டுக்கு நடந்தார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் விடிந்து பார்க்கிறேன், ஸ்பேனர்கள் வாசலில் கிடக்கின்றன, ஜீப்பின் டிரைவர் சீட்டைக் கழற்றி, என் கால் கிளட்சுக்கு எட்டுகிற அளவுக்கு முன்னால் தள்ளிப் புதிதாகத் துளை போட்டு முடுக்கியிருக்கிறார். உயரத்துக்கு ஒரு தலையணையையும் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்.

இப்போது மரவள்ளி வெட்டின காட்டில் தினமும் பழகுகிறேன். திட்டிக்கொண்டேதான் சொல்லித் தருகிறார். நானும் திருப்பித் திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொள்கிறேன். எல்.எல்.ஆர். எழுதிக் கொடுத்திருக்கிறேன், லைசென்ஸ் கைக்கு வரும்வரை தார் ரோட்டில் ஏற மாட்டேன், நீ பயப்படாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருக்கும்போது உங்கப்பா வீடியோவில் வீட்டுப் பேச்சை எடுப்பார். முதலில் மழையைச் சொல்வார், அப்புறம் கன்றைச் சொல்வார், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு அஸ்தம்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமா சாமி என்று கேட்பார். நீ அந்த வீட்டை எவ்வளவு ஆசையாக எங்களுக்காக வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும், உன் ஆசையை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஏன் என்று மட்டும் அவரிடம் கேட்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததாகவும் காட்டிக்கொள்ளாதே. முடியாத காலம் எங்களுக்கும் வரும், அதை நாங்களே வாய் திறந்து உன்னிடம் சொல்வோம், மழுப்ப மாட்டோம். நீயும் அங்கே உனக்கு ஒன்று என்றால் நன்றாக இருக்கிறேன் அம்மா என்று சொல்லி என்னை ஏமாற்றக் கூடாது. நன்றாக இல்லை என்று சொல், அது போதும் எனக்கு.

நேற்றுச் சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது, ரோடு முடிகிற இடத்தில் உங்கப்பா இறங்கிக்கொண்டு என்னை டிரைவர் சீட்டில் ஏறச் சொன்னார். இட்டேரி முழுக்க, லைட்டைப் போட்டுக்கொண்டு, காலி கேன்கள் கடகடக்க நான்தான் வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன். யார் வண்டி ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற மனுசன் அவர். பாதி வழியில் சத்தத்தையே காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
வே. சௌந்திரம்